சிவப்பு விளக்கு எரிகிறது, பை எழவில்லை

ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் போர்டை வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் செய்யும் முதல் காரியம் மேசை இழுப்பறையைத் திறப்பதுதான். பழைய போனோடு வந்த சார்ஜர் ஒன்று அங்கே கிடக்கும். முனை பொருந்துகிறது. சார்ஜரின் முதுகில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. செருகியதும் போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. டிவியில் வானவில் நிறச் சதுரம் ஒன்று வந்து போகிறது. பிறகு கறுப்பு. சில சமயம் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் வரிகள் கொஞ்சம் ஓடி நிற்கும். சில சமயம் மறுபடி வானவில், மறுபடி கறுப்பு.

பழி முதலில் இயங்குதளம் இருக்கும் எஸ்டி கார்டின் மேல் விழும். அதன் இமேஜை மறுபடி எழுதுவார்கள். அடுத்து எச்டிஎம்ஐ கேபிள். அதற்கும் அடுத்து போர்டே டெட் என்று முடிவு கட்டிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். சார்ஜருக்கும் போர்டுக்கும் நடுவே தொங்கும் கேபிளை யாரும் சந்தேகிப்பதில்லை. நானும் ஒரு ராத்திரி முழுக்க மூன்று தடவை கார்டை எழுதியிருக்கிறேன். நான்காவது தடவை எழுதும்போதுதான், எதற்கும் இருக்கட்டும் என்று வேறு கேபிளை மாட்டினேன். எழுதி முடித்துச் செருகியதும் பூட் ஆனது, அதாவது இயங்குதளம் முழுதாக எழுந்தது. சரி, கார்டு இப்போது சரியாகிவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தேன். பழைய கேபிள் திரும்ப வந்த அன்று கோளாறும் திரும்ப வந்தது.

சார்ஜரில் அச்சிட்ட எண் சார்ஜரின் வாயில் கிடைப்பதைச் சொல்கிறது. பைக்கு வேண்டியது, தன் வாசலில், தனக்குத் தேவைப்படும் அந்தக் கணத்தில் கிடைப்பது. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

போனுக்கு இது ஏன் உறைப்பதில்லை? போனுக்குள் பேட்டரி இருக்கிறது. போன் ஓடுவது பேட்டரியில். சார்ஜர் அதை நிரப்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே வரும் மின்னழுத்தம் 4.5 வோல்ட்டுக்கு இறங்கினால், போனின் சார்ஜிங் சிப் இழுக்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் நிரம்ப வேண்டியது இரண்டு மணி நேரம் ஆகும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. சார்ஜர் வேறு, பவர் சப்ளை வேறு என்று எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் சொல்வது இதனால்தான். பைக்குப் பேட்டரி கிடையாது. போர்டின் நுழைவாயிலில் உள்ள கெபாசிட்டர்கள் சேமித்து வைத்திருப்பது மிகக் கொஞ்சம். வெளியிலிருந்து வரத்து குறைந்தால் போனைப்போல் காத்திருக்க முடியாது.

இனி கேபிளுக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு இருக்கிறது. மலிவான யூஎஸ்பி கேபிள்களில் பவர் கம்பியும் 28 கேஜ் தடிமனில்தான் இருக்கும். அந்தச் செம்புக் கம்பியின் விட்டம் 0.32 மில்லிமீட்டர், மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே ஒரு மீட்டர் கேபிள் என்றால் கம்பி இரண்டு மீட்டர், மின்தடை ஏறக்குறைய 0.43 ஓம். பை அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.21 வோல்ட் கழிந்துவிடும், போர்டுக்கு 4.79 வந்து சேரும், பாதகமில்லை. 0.9 ஆம்பியர் இழுத்தால் 0.38 வோல்ட் போய்விடும், மிச்சம் 4.62. பை 3 முழு மூச்சில் வேலை செய்தால் 0.9 ஆம்பியர் சர்வசாதாரணம். இது இரு முனைகளிலும் உள்ள கனெக்டர்களின் தடையைச் சேர்க்காத கணக்கு. இரண்டு வருஷம் செருகிச் செருகித் தேய்ந்த மைக்ரோ யூஎஸ்பி முனை தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கேபிள் இரண்டு மீட்டர் என்றால் இழப்பும் இரட்டிப்பு.

இதே வேலையை 20 கேஜ் கம்பியிடம் கொடுத்தால் ஒரு மீட்டருக்குப் போக வர 0.07 ஓம்கூட ஆகாது. கேஜ் எண் சின்னதாக ஆக கம்பி தடிக்கும் என்பதை முதன்முதலில் கேட்பவர்கள் குழம்புவார்கள். சில கேபிள்களின் தோலில் 28, 24 என்று இரண்டு கேஜ் எண்கள் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். முதல் எண் டேட்டா கம்பிகளுக்கு, இரண்டாவது பவர் கம்பிகளுக்கு. எண்ணே போடாத கேபிளை நான் 28 என்றே வைத்துக்கொள்கிறேன்.

ராஸ்பெர்ரி பையின் சொந்த அடாப்டர் ஏன் 5 வோல்ட் என்று போடாமல் 5.1 என்று போடுகிறது, கேபிள் ஏன் அடாப்டரிலிருந்து பிரிக்க முடியாதபடி வருகிறது என்பதற்கும் இந்தக் கணக்கே விடை. அந்தக் கேபிள் ஒன்றரை மீட்டர், 18 கேஜ். போக வர 0.063 ஓம். 2.5 ஆம்பியர் இழுத்தாலும் 0.16 வோல்ட்தான் போகும், போர்டுக்கு 4.94 கிடைக்கும். முன்கூட்டியே 0.1 வோல்ட் ஏற்றிக் கொடுத்து, கேபிளையும் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டார்கள். பணம் பிடுங்கும் வேலை என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கோளாறு ஏன் குறிப்பாகப் பூட் ஆகும்போது தலைகாட்டுகிறது? பையில் மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது சிபியு அல்ல, கிராபிக்ஸ் பகுதி. கார்டின் முதல் பார்ட்டிஷனைப் படித்து, தன் நிரலை ஏற்றி, வானவில் சதுரத்தைக் காட்டுவது அதுதான். அதுவரை சுமை குறைவு; மெல்லிய கேபிளும் தாக்குப்பிடிக்கும். பிறகு கெர்னல் ஏறுகிறது. சிபியுவின் நான்கு கோர்களும் ஒவ்வொன்றாக எழுகின்றன. யூஎஸ்பி ஹப்புக்கு உயிர் வருகிறது. அதில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு கருவியும் தன் கெபாசிட்டரை நிரப்பிக்கொள்ள ஒரு மடக்குக் குடிக்கிறது. வைஃபை ரேடியோ விழிக்கிறது. கார்டிலிருந்து படிப்பு நிற்காமல் நடக்கிறது. சில விநாடிகளுக்குள் சுமை பல மடங்கு ஏறிவிடுகிறது. கல்யாண வீட்டில் பந்தி விரித்ததும் எல்லா இலைக்கும் ஒரே நேரத்தில் சோறு கேட்கிற மாதிரி. வானவில்லைத் தாண்டியதும் விழுந்துவிடும் பைகள் பலவும் விழுவது இந்தப் பந்தியில்தான்.

இதில் ஒரு விஷச் சுழலும் உண்டு. உள்ளே வரும் 5 வோல்ட்டைச் சிப்புகளுக்கு வேண்டிய அளவுக்கு மாற்றித் தர இன்றைய போர்டுகளில் இருப்பவை ஸ்விட்சிங் ரெகுலேட்டர்கள். உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்தாலும், வெளியே கொடுக்க வேண்டிய வாட் கணக்கை அவை விட்டுக்கொடுப்பதில்லை. குறைந்த வோல்ட்டை அதிக ஆம்பியரால் ஈடுகட்டும். 4 வாட் வேண்டும் என்றால் 5 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் போதும், 4.6 வோல்ட்டில் 0.87 வேண்டும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இழப்பும் கூடும். இழப்பு கூடினால் வோல்ட் மேலும் இறங்கும், ஆம்பியர் மேலும் ஏறும். நல்ல கேபிளில் இது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவில் அடங்கிவிடும். மோசமான கேபிளில், எல்லைக்கோட்டில் தள்ளாடிக்கொண்டிருக்கும் போர்டைத் தள்ளிவிட இது போதும்.

வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் கதை இன்னும் எளிது. இரண்டரை அங்குல டிஸ்க், தட்டு சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் மட்டும் 5 வோல்ட்டில் ஏறக்குறைய 1 ஆம்பியர் கேட்கும். வேகம் பிடித்த பிறகு அதில் பாதிகூட வேண்டியிருக்காது. பை 3, பை 4 இரண்டிலும் நான்கு யூஎஸ்பி வாசல்களுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் எல்லை. டிஸ்க் இல்லாமல் பூட் ஆகிறது, டிஸ்க்கோடு ஆகவில்லை என்றால் அங்கே துப்பறிய ஒன்றுமில்லை. தனி அடாப்டரோடு வரும் பவர்டு ஹப் வாங்கிவிடலாம்.

2012 பிப்ரவரி 29 அன்று வெளியான முதல் மாடல் பி போர்டில் இந்தத் தொல்லைகள் இன்னும் கொடுமையாக இருந்தன. 700 மில்லி ஆம்பியர் போதும் என்றார்கள். மைக்ரோ யூஎஸ்பி என்பதால் எல்லோரும் போன் சார்ஜரைச் செருகினார்கள். ஆரம்ப போர்டுகளில் ஒவ்வொரு யூஎஸ்பி வாசலிலும் 140 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் இருந்தது. பாலிஃபியூஸ் என்பது தீய்ந்துபோகாத ஃபியூஸ். சூடேறினால் தடை எகிறும், ஆறினால் இறங்கும். ஆனால் முழுதாகப் பழைய நிலைக்கு வரச் சில நாட்கள்கூட ஆகலாம். 'நேற்றுச் செத்துப்போன போர்டு இன்று காலை தானாகப் பிழைத்துக்கொண்டது' என்ற அதிசயக் கதைகளில் பலவற்றுக்குப் பின்னால் இது இருந்திருக்கும். வாசல் ஃபியூஸ்களைப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது வைஃபை டாங்கிளைச் செருகினால் போர்டே ரீசெட் ஆவதும் அந்த மாடலின் வழக்கம். டாங்கிள் குடித்த முதல் மடக்கில் 5 வோல்ட் சரிந்துவிடும்.

அந்த மாடலின் சிவப்பு விளக்கை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். மின்சாரம் ஏதோ வருகிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. 2014 ஜூலையில் வந்த பி பிளஸ்தான் இதை மாற்றியது. பழைய லீனியர் ரெகுலேட்டர்களுக்குப் பதில் ஸ்விட்சிங் ரெகுலேட்டர்களை வைத்து அரை வாட் முதல் ஒரு வாட் வரை மிச்சம் பிடித்தார்கள். கூடவே மின்னழுத்தத்தைக் காவல் காக்க ஒரு சிப்பையும் வைத்தார்கள். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு அணையும். திரையின் மூலையில் ஒரு குறியும் தோன்றும். முதலில் அது வண்ணச் சதுரம், பிறகு மஞ்சள் மின்னல். மேலே போட்ட கணக்கில் 4.62 என்று வந்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். 0.9 ஆம்பியரில் மின்னல் வரும்.

மின்னல் வந்தால் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைக்கப் பார்க்கும். கெர்னல் பதிவிலும் அண்டர்வோல்டேஜ் என்று ஒரு வரி விழும். திரையே இல்லாமல் ஓடும் பைகளுக்கு 'விசிஜென்சிஎம்டி' கட்டளை இருக்கிறது. 'கெட் த்ராட்டில்ட்' என்று கேட்டால் பதினாறடிமானத்தில் ஓர் எண் தரும். 0 என்றால் நிம்மதி. 50000 என்றால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ ஒருமுறை மின்னழுத்தம் இறங்கி வேகமும் குறைக்கப்பட்டது, இப்போது சரியாக இருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிடமும் இறங்கித்தான் இருக்கிறது. நான் யாருக்காவது உதவப் போனால் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். எச்சரிக்கை வராமலே செய்ய ஒரு செட்டிங்கும் உண்டு. அதைப் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று சொன்ன ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

பவர் கோளாறு 'நான் பவர் கோளாறு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கீபோர்டில் ஓர் எழுத்தை அழுத்தினால் பத்து விழும், அல்லது விழாமலே போகும். நெட்வொர்க் விட்டு விட்டு வரும். எல்லாவற்றிலும் மோசமாக, கார்டு கெடும். எழுதிக்கொண்டிருக்கும்போது போர்டு ரீசெட் ஆனால் ஃபைல் சிஸ்டம் அரைகுறையாக நிற்கும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் முதல்முறை பூட் ஆகும்போதுதான் கார்டின் முழு அளவுக்கும் பார்ட்டிஷனை விரிக்கிறது. சுமை ஏறும் நேரமும், கார்டில் முக்கியமான எழுத்து வேலை நடக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. அதில் விழுந்தால் கார்டு உண்மையிலேயே கெட்டுவிடும். கார்டின் மேல் பழி போட்டவர் சரியாகத்தான் சொல்கிறார் என்றும் ஆகிவிடும்! என் அனுபவத்தில் ஒரு சின்ன வித்தியாசம் உதவியிருக்கிறது. கார்டு கோளாறு என்றால் பூட் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கும். மின்சாரக் கோளாறு என்றால் நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

2019 ஜூனில் பை 4 டைப்-சி முனையோடு வந்தபோது கேபிள் தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தார்கள். வேறு விதமாக வந்தது. டைப்-சி முனையில் சிசி என்று இரண்டு கோடுகள் உண்டு. மின்சாரம் வாங்கும் கருவி, இரண்டிலும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். பை 4 போர்டில் இரண்டு கோடுகளையும் சேர்த்துக்கட்டி ஒரே ரெசிஸ்டர் வைத்துவிட்டார்கள். சாதாரணக் கேபிளில் இது வெளியே தெரியாது. லேப்டாப் சார்ஜர்களோடு வரும், உள்ளே சிப் வைத்த விலை கூடிய கேபிளில்தான் மாட்டிக்கொண்டது. அந்தச் சிப் ஒரு கோட்டில் சுமார் 1 கிலோ ஓம் காட்டும். கோடுகள் ஒட்டியிருப்பதால் இரண்டிலும் அதே கதை தெரியும். இது ஹெட்போன் அடாப்டர் போலிருக்கிறது என்று முடிவு செய்து சார்ஜர் மின்சாரமே தராது. மலிவுக் கேபிளில் ஓடும் போர்டு, உயர்ந்த கேபிளில் செத்ததுபோல் கிடக்கும். நிறுவனர் எபன் அப்டன் 2019 ஜூலையில் குறையை ஒப்புக்கொண்டார். பின்னர் வந்த திருத்தப் போர்டில் சரிசெய்தார்கள்.

2023-இல் அறிவிக்கப்பட்ட பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர் இருக்கிறதே, 25 வாட்தானே வேண்டும் என்று தோன்றும். அந்த 65 வாட் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியராக வருவது. 5 வோல்ட்டில் அதே சார்ஜர் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். பை 5 வோல்ட்டைத் தவிர வேறெதையும் வாங்காது. சார்ஜரும் கருவியும் பேசி வோல்ட்டையும் ஆம்பியரையும் முடிவு செய்யும் முறைக்கு யூஎஸ்பி பவர் டெலிவரி என்று பெயர். 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்பது அதன் வழக்கமான படிகளில் இல்லாத ஒன்று. அதனால்தான் இதற்கென்றே ஓர் அடாப்டர் வாங்க வேண்டியிருக்கிறது. 3 ஆம்பியர் சார்ஜரிலும் பை 5 பூட் ஆகும். ஆனால் யூஎஸ்பி வாசல்களுக்கு மொத்தமாக 600 மில்லி ஆம்பியர்தான் விடும். 5 ஆம்பியர் அடாப்டர் என்று பேசித் தெரிந்துகொண்டால் 1.6 ஆம்பியர் வரை விடும். யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து பூட் செய்யப் பார்த்தால் நடுவில் நிறுத்தி, பவர் பட்டனை அழுத்தினால் தொடர்கிறேன் என்று சொல்லும். பூட் ஆகவில்லை என்று புலம்புகிறவர்களில் சிலர் திரையில் வந்த அந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

மற்ற போர்டுகளிலும் இதே பாட்டு, ராகம்தான் வேறு. 2019-இல் வந்த ஜெட்சன் நானோவில் மைக்ரோ யூஎஸ்பி வழியாக 2 ஆம்பியர், உருளை ஜாக் வழியாக 4 ஆம்பியர். ஜாக்கைப் பயன்படுத்த ஜே48 என்ற இடத்தில் இரண்டு பின்களை இணைக்கும் குட்டி ஜம்பர் ஒன்றைப் போட வேண்டும். போடாவிட்டால் போர்டு பிணம். ஆரஞ்சு பை பிசியில் மைக்ரோ யூஎஸ்பி இருக்கும், ஆனால் அதில் மின்சாரம் ஏறாது. தனி ஜாக் உண்டு.

பவர் சிப் சம்பந்தமாக இன்னொரு கதை, இது கேபிள் குற்றமல்ல. 2015-இல் பை 2 வந்த புதிதில், கேமரா ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்தால் போர்டு அப்படியே நின்றுவிடுவதைக் கண்டுபிடித்தார்கள். யு16 என்ற பவர் சிப்பில் சிலிக்கான் மேல் மூடியில்லாமல் வெளிச்சத்துக்குத் திறந்திருந்தது. செனான் ஃப்ளாஷின் பளீர் ஒளி உள்ளே புகுந்து அதைக் குழப்பிவிட்டது. ஒட்டும் களிமண்ணை ஒரு பொட்டு அதன்மேல் வைத்தால் சரியாகிவிடும்.

கோளாறைப் பிடிக்க மல்டிமீட்டர் உதவும், இடம் தெரிந்து வைத்தால். அடாப்டரின் வாயில் அளப்பதில் பயனில்லை. போர்டிலேயே அளக்க வேண்டும்: 40 பின் வரிசையில் 2 அல்லது 4-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவே. பக்கத்துப் பின்னோடு முனை உரசினால் போர்டு போய்விடும், கை நடுங்காமல் செய்யுங்கள். அதுவும் சும்மா கிடக்கும்போது அல்ல, நான்கு கோர்களும் வேலை செய்யும்போது. அப்போது 4.75-க்கு மேல் நின்றால் நல்லது. சாதாரண மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். சில மில்லி விநாடி சரிந்து எழுந்ததை அது சராசரியில் விழுங்கிவிட்டு 5.02 என்று அமைதியாகக் காட்டும். மீட்டர் நல்லது என்று சொல்லி, திரையில் மின்னல் குறியும் வராமல் இருந்தால் மட்டும் நம்பலாம். மின்னல் வந்தால் மின்னல் சொல்வதுதான் உண்மை. மீட்டர் இல்லாதவர்கள் கார்டும் திரையும் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிடைப்பதிலேயே குட்டையான, தடித்த கேபிளில் பூட் செய்து பார்க்கலாம்.

அந்த 40 பின் வரிசை வழியாகவே 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டால் கேபிள் தொல்லை இல்லையே என்பார்கள். இல்லைதான், ஆனால் ஃபியூஸும் இல்லை. பவர்டு ஹப் வாங்கச் சொன்னேனே, அதிலும் ஒரு சிக்கல். சில மலிவு ஹப்கள் பைக்குள் பின்பக்கமாக மின்சாரத்தைத் தள்ளும். அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் சிவப்பு விளக்கு மங்கலாக எரியும். அந்த நிலையில் மறுபடி செருகினால், சுத்தமாக அணைந்து எழுந்திருக்க வேண்டிய போர்டு பாதி உறக்கத்திலிருந்து எழுந்து பூட் ஆகாமல் முழிக்கும். ஹப்பையும் சேர்த்துப் பிடுங்கிப் பத்து எண்ணிவிட்டுச் செருகினால் எழுந்துகொள்ளும்.

மூன்று தடவை என்னைக் கார்டு எழுத வைத்த அந்த வெள்ளைக் கேபிளை நான் தூக்கிப் போடவில்லை. கட்டில் பக்கத்துப் பிளக்கில் இருக்கிறது. ராத்திரி போனைச் செருகினால் காலையில் நூறு சதவீதம் காட்டுகிறது.